கடத்தல் அல்ல, சிறார் வணிகம்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு சட்ட விளக்கக் கூட்டம். மேடைப் பதாகையில் 'எல்லையில் குழந்தை கடத்தல் தடுப்புச் சட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கேள்வி நேரத்தில் தோட்டத்து அக்கா ஒருவர் எழுந்தார். "எங்க லயத்துல யாரும் புள்ளையத் தூக்கிட்டுப் போகல சார். சொந்தக்காரங்கதான் தாய்லாந்துல ஹாட்யாய்ப் பக்கம் கடை வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பதினஞ்சு வயசு. சம்பளமும் வரல, புள்ளையும் வரல. இதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குங்களா?"

இரண்டு மணி நேரமாகப் பேசியது அந்தச் சட்டத்தைத்தான். 'கடத்தல்' என்ற சொல்தான் அவருக்குக் குறுக்கே நின்றது.

ஆங்கிலத்தில் இந்தக் குற்றத்துக்குப் பெயர் 'டிராஃபிக்கிங்'. டிராஃபிக் என்றால் முதலில் வாணிபம். சாலை நெரிசலைக் குறித்தது பிற்பாடு. 'கடத்து' நம் சொல். கட என்பதன் பிறவினை, கடக்கச் செய்வது. மின்கடத்தி, காலம் கடத்துவது எல்லாம் அதிலிருந்து வந்தவை.

சொல்லில் குறையில்லை. அதன் தலையில் ஏற்றிய சுமைதான் அதிகம். தாய்லாந்து எல்லையில் டீசல் பிடிபட்டால் கடத்தல். பணம் கேட்டு ஒருவரைக் காரில் தூக்கிப் போனால் கடத்தல். பிள்ளையை வேலைக்கென்று கூட்டிப்போய் அடிமையாக்கினாலும் கடத்தல். மலாய்க்காரர்கள் இந்த மூன்றுக்கும் முறையே மூன்று சொல் வைத்திருக்கிறார்கள்: பெஞெலுடுப்பான், பெஞ்சுலிக்கான், பெமெர்டாகாங்ஙான். கடைசிச் சொல்லுக்குள் டாகாங், அதாவது வாணிபம், இருக்கிறது. இந்தக் குற்றத்தைத் தடுக்க மலேசியாவில் 2007இல் வந்த 670ஆம் சட்டத்தின் பெயரிலேயே அது நிற்கிறது. 2010 திருத்தத்தில் குடியேறிகளைக் களவாக எல்லை தாண்ட வைப்பதையும் சேர்த்தபோது, அதற்குப் பெஞெலுடுப்பான் என்ற தனிச் சொல்லைத்தான் போட்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் கடத்தல் என்றே எழுதிவிடுகிறார்கள். சட்டம் பிரித்து வைத்ததை நாம் ஏன் குழப்ப வேண்டும்?

கடத்தல் என்றால் வலுக்கட்டாயமும் எல்லையும் கண்முன் வரும். சிறார் விஷயத்தில் இரண்டும் தேவையில்லை. சுரண்டும் நோக்கம் இருந்தால் போதும். பிள்ளை தானே சம்மதித்துப் போயிருந்தாலும் குற்றம் குற்றம்தான். எல்லைச் சாவடியைத் தாண்டாமல் உள்ளூரிலேயே நடந்தாலும் அப்படித்தான்.

'ஆள்பிடிப்பு' என்று வைக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். எனக்கும் ஆசைதான். அது தோட்டத்துச் சொல். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி முன்பணம் கொடுத்து, இனிக்கப் பேசி ஆள் பிடித்தார். 1942, 43இல் ஜப்பானியர் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பி ரயிலேறியவர்களும் உண்டு, லாரியில் அள்ளிப் போடப்பட்டவர்களும் உண்டு. ஏமாற்று, பலவந்தம் இரண்டும் அந்தச் சொல்லில் அடங்கும். ஆனால் பிடித்தவனோடு அது நின்றுவிடுகிறது. பிள்ளையை வாங்கி வைத்து வேலை வாங்கும் முதலாளி அதில் சிக்கவில்லை. வணிகம் என்றால் விற்பவன், தரகன், வாங்குபவன் மூவரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

வணிகம் நல்ல சொல், அதை அழுக்காக்கலாமா என்று தூய்மை பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். அடிமை வணிகம் என்று எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்? அங்கே கெடாத சொல் இங்கே கெட்டுவிடாது. அதனால் பெரியவர்களுக்கு ஆள்வணிகம், பிள்ளைகளுக்குச் சிறார் வணிகம். டீசலுக்குக் கடத்தல் இருக்கட்டும்.

'குழந்தை'யையும் விடுங்கள். குழந்தை என்றதும் தொட்டில்தான் மனத்தில் வருகிறது. சட்டத்துக்கு 18 வயது நிரம்பாத எல்லோரும் சிறாரே. அக்கா தேடுகிற அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் அதில் சேர்த்தி.