காந்தாரம் இல்லாத கிதார்

1906-இல் பெர்சி கிரெய்ஞ்சர் என்ற ஆஸ்திரேலிய இசைக்கலைஞர், மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமப் பக்கம் போனார். அவருக்குப் பாடிக் காட்டியவர்களில் ஜோசப் டெய்லரும் ஒருவர். எழுபதைத் தாண்டிய பண்ணை மேற்பார்வையாளர். பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரம் எழுத உட்கார்ந்த கிரெய்ஞ்சருக்கு ஒரு சிக்கல். இந்தக் கிராமத்துப் பாடகர்களின் மூன்றாவது சுரம், நம் கணக்கில் காந்தாரம், ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஒரே பாட்டில் ஒரு வரியில் ஏறுகிறது, அடுத்த வரியில் இறங்குகிறது, சில நேரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ தங்கிவிடுகிறது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பியானோவில் பழகியவர்களுக்குத்தான் தலைவலி.

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்வரை சரி. 1950-களிலும் 60-களிலும் இந்தப் பாட்டுகள் நகரத்து ஃபோக் கிளப்புகளுக்கு வந்து, கூடவே கிதாரும் வந்தபோது சிக்கல் முற்றியது. வழக்கமான கார்டு, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு, எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு காந்தாரம் உட்கார்ந்திருக்கும். ஷட்ஜத்தை டி என்ற மேற்கத்திய சுரத்தில், 294 ஹெர்ட்ஸில் வைத்தால், சின்ன காந்தாரம் 349, பெரியது 370. கிதார் இரண்டில் ஒன்றை அறைந்து சொல்லிவிட்டால், 360-ஐ ஒட்டிப் பாடுகிறவர் அபசுரம் பாடுவதுபோல் ஆகிவிடும்.

இதற்கு வழி மொராக்கோவிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டேவி கிரஹாம், ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தோதாகத் தன் கிதாரின் மூன்று கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கினார். தடித்த ஆறாவது கம்பி, பிறகு மேல் சுருதியில் ஒலிக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள். கிடைத்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி. எழுத்துகளைக் கூட்டி ‘டாட்காட்’ என்கிறார்கள். நம் வழியில் வாசித்தால் ச-ப-ச-ம-ப-ச. தம்பூராவுக்குள் ஒரு மத்தியமத்தைச் செருகியதுபோல. காந்தாரம் கிடையாது. ஆங்கிலேய, ஐரிஷ் நாட்டுப்பாடல்களில் நிறைய, நம் கரகரப்பிரியாவின் அல்லது ஹரிகாம்போஜியின் சுரங்களில் அமைந்தவை. இரண்டுக்கும் வித்தியாசம் காந்தாரம் ஒன்றுதான். அதைக் கிதார் சொல்லாமல் விட்டால், முடிவு பாடகரின் தொண்டைக்குப் போய்விடுகிறது.

சொல்லாமல் விடுவது பாதிக் கதை. மீதி, கம்பிகள் ஒன்றையொன்று எழுப்பிவிடுவது. கிதார் கையில் இருந்தால் டாட்காட் சுருதியில் வைத்துச் செய்து பாருங்கள். ஆறாவது கம்பியைப் பலமாக மீட்டி, இரண்டு நொடி கழித்து உள்ளங்கையால் அதை மட்டும் அமுக்குங்கள். சத்தம் நிற்காது. நீங்கள் தொடவே தொடாத நான்காவது, இரண்டாவது, முதல் கம்பிகள் பாடிக்கொண்டிருக்கும். விரல் நுனியை மெல்ல வைத்தால் அதிர்வு குறுகுறுக்கும். மூன்றாவது கம்பி மட்டும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும்.

காரணம் எளிய பெருக்கல். ஆறாவது கம்பி நொடிக்கு 73.4 முறை அதிர்கிறது. ஆனால் எந்தக் கம்பியும் ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கிலும் சேர்ந்தே அதிரும். 147, 220, 294. நான்காவது, இரண்டாவது, முதல் கம்பிகளின் சொந்த அதிர்வெண்கள் இவையேதான். அதிர்வு பிரிட்ஜ், அதாவது கம்பிகள் அமரும் கட்டை, வழியாக மேல்பலகைக்குப் போய், பலகை மற்ற கம்பிகளை ஆட்டுகிறது. சரியான தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயர்வது போலத்தான். வழக்கமான சுருதியிலும் ஒத்ததிர்வு உண்டு, ஆனால் இத்தனை ஜோடிகள் அமையாது. போதாக்குறைக்கு, ஒரு முழுச் சுரம் இறக்கிய கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். விரலுக்குக் கீழே அந்த நெகிழ்வு நன்றாகவே தெரியும்.

ஆனால் இங்கே ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. ஐந்து மடங்கு என்ன? 367. அது பெரிய காந்தாரம்! தம்பூராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் அந்தர காந்தாரம் இதே கணக்கில் பிறப்பதுதான். அப்படியானால் வாசலில் தடுத்த சுரம் கொல்லைப்புறமாக நுழைந்துவிடாதா? நுழையும், மெலிதாக. அதையும் அடக்கலாம். கம்பியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மீட்டினால் ஐந்தாம் மடங்கு எழாது. அந்த அதிர்வு அசையாமல் நிற்க வேண்டிய புள்ளியிலேயே நீங்கள் கம்பியை இழுக்கிறீர்கள். சாதாரணக் கிதாரில் அது பிரிட்ஜிலிருந்து சுமார் 13 சென்டிமீட்டர், ஒலித்துளைக்கு மேலே. விரல்கள் இயல்பாக விழும் இடம் அதை ஒட்டித்தான்.

ஆங்கிலேய நாட்டுப்பாடல் கலைஞர் மார்ட்டின் கார்த்தி இன்னொரு வழி பிடித்தார்: சி-ஜி-சி-டி-ஜி-ஏ. அதாவது ச-ப-ச-ரி-ப-த. இதிலும் காந்தாரம் இல்லை. கார்டு நிரப்புவதைவிட, பாடும் மெட்டையே கம்பியில் கூடவே வாசிப்பது அவர் பாணி. கட்டைவிரல் கீழே ஆதார சுருதியை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆங்கிலேய நாட்டுப்பாடகி ஷர்லி காலின்ஸும் டேவி கிரஹாமும் 1964-இல் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார்கள். காலின்ஸ் குரலை அலங்கரிப்பதே இல்லை, நேராக வைப்பார். கேட்கும்போது அவர் பாடும் இடங்களை விட்டுவிட்டு, மூச்செடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். விரல் படாத கம்பிகளின் முனகல் அங்கேதான் கேட்கும்.