ஆள் வைத்தாயிற்று, ஓய்வு கிடைத்ததா?

படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைத்த வீடுகளில், ஒரு வாரம் கழித்து "ஆள் எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா பேசுறாங்க, சுத்தமா இருக்காங்க, போனை நோண்டுறதில்ல." நல்ல குணங்கள்தான். ஆனால் பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதை இவை சொல்வதில்லை.

மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு நிற்கும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்றுதான் ஆள் வைக்கிறோம். ஆகவே தரத்தை இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்: படுத்திருப்பவரின் உடம்பிலும், இதுவரை அவரைப் பார்த்துக்கொண்டவரின் தூக்கத்திலும். உடம்பைச் சிலராவது பார்க்கிறார்கள். தூக்கத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆள் வருவதற்கு முந்தைய வாரம், தினமும் காலண்டரில் மூன்று எண்களை எழுதுங்கள். இதுவரை பார்த்துக்கொண்டவர் இரவில் விடாமல் தூங்கியது எத்தனை மணி நேரம், எத்தனை முறை எழுந்தார், வீட்டை விட்டு வெளியே இருந்தது எத்தனை மணி நேரம். ஆள் வந்த இரண்டாவது வாரத்திலும் அதையே எழுதுங்கள். எண்கள் மாறவில்லை என்றால் சம்பளம் போகிறது, ஓய்வு வரவில்லை. காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். "அக்கா, கொஞ்சம் வாங்க, புரட்டணும்" என்று இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது. வந்தவருக்கும் சேர்த்து மூன்று வேளை சமைப்பது. மருந்து எது என்று ஒவ்வொரு வேளையும் கேட்பது. இன்னும் முறையாக அளக்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் என்ற 22 கேள்விப் பட்டியலைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. எண் கூடக் கூடச் சுமை கூடுகிறது. தொடக்கத்தில் ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை போட்டுப் பார்த்தால் போதும்.

'24 மணி நேர ஆள்' என்ற ஏற்பாட்டில்தான் அதிகம் ஏமாற்றம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டிய நோயாளியை ஒரே ஆள் இரவும் பகலும் பார்க்க முடியாது. அவரும் தூங்கியாக வேண்டும். அவர் தூங்கும் நேரத்தில் யார் பார்ப்பது என்பதை முதல் நாளே பேசாவிட்டால், அந்த வேலை சத்தமில்லாமல் பழையபடி வீட்டுப் பெண்ணிடமே வந்து சேரும். கையில் இருக்கும் பணத்துக்கு 12 மணி நேர ஆள்தான் கட்டுப்படியாகும் என்றால், இரவு ஷிப்டுக்கு வையுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. பகலில் அக்கம்பக்கம், உறவு என்று யாராவது ஒரு மணி நேரம் உட்கார வருவார்கள். இரவில் யாரும் வரமாட்டார்கள்.

வந்த ஆளிடம் "ரைல்ஸ் டியூப்ல ஃபீட் குடுத்துப் பழக்கமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். (ரைல்ஸ் டியூப் என்பது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்; அதில் விடும் திரவ உணவுதான் ஃபீடு.) கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். டயாப்பரை ஃபீடுக்கு முன்பே மாற்றுகிறாரா? ஃபீடு கொடுத்த கையோடு படுக்கவைத்து டயாப்பர் மாற்றினால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும்; காய்ச்சல், சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் போய் முடியும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துகிறாரா? மூக்கின் ஓரத்தில் டியூபில் போட்டிருக்கும் அடையாளக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறாரா? கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். பிறகு 30 மில்லி தண்ணீர். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி, குழலை உயர்த்திப் பிடித்து, 200 மில்லி ஃபீடு 15-20 நிமிடத்தில் தானாக இறங்க வேண்டும். பிஸ்டனை வைத்து அழுத்துகிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்று பொருள். முடிவில் மறுபடி 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சாய்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பெயரோடு வரும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்து டியூபில் போடக்கூடாது. மாற்று மருந்தை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர் என்றால் எழுப்பி உட்காரவைப்பதைப் பாருங்கள். செயலிழந்த கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்குகிறவரை உடனே நிறுத்துங்கள். அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவும், பிறகு வலி மாதக்கணக்கில் நிற்கும். வீல்சேர் நல்ல பக்கத்தில் இருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும், கால்மிதி மடக்கியிருக்க வேண்டும்.

தோலைப் பார்ப்பதை மட்டும் ஆளை நம்பி விடாதீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வீட்டார் ஒருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், தோள்பட்டை, பின்மண்டை, காது. ஒரே பக்கமாகப் படுத்தவருக்குக் காதிலும் புண் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் தப்பித்தோம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக, சூடாக, கல் மாதிரியோ சதசதவென்றோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வதும், ஸ்பிரிட் தடவுவதும், பவுடரைக் கொட்டுவதும் நல்லெண்ணத்தில் நடக்கும் கெடுதல்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் அப்படித்தான், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏர் பெட் போட்டாயிற்றே, எதற்குப் புரட்ட வேண்டும் என்று சொல்கிறவர் ஏர் பெட்டைப் புரிந்துகொள்ளவில்லை. அது உதவிதான், புரட்டுவதற்கு மாற்று இல்லை. மெத்தைக்கு அடியில் கையை விட்டு, இடுப்புக்கு நேராகப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்காவது காற்று இல்லையென்றால் உடம்பு கட்டிலில்தான் கிடக்கிறது.

பிறகு, எப்போது எந்தப் பக்கம் புரட்டினார் என்று ஆள் எழுதிவைக்கும் நோட்டு. 8, 10, 12, 2 என்று கச்சிதமான நேரங்கள், ஒரே அழுத்தத்தில் ஒரே பேனா: இது ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து எழுதிய நோட்டு. உண்மையான நோட்டில் 10.20 இருக்கும், கறை இருக்கும், "புரட்ட விடல, திட்டினாங்க" என்று இருக்கும். நோட்டில் வலது பக்கம் என்று எழுதியிருக்கும் நேரத்தில் எட்டிப் பாருங்கள், வலது பக்கம்தான் படுத்திருக்கிறாரா என்று. மற்றதைப் பொருள்களே சொல்லிவிடும். வழக்கமாக ஐந்து போகும் டயாப்பர் மூன்றாகக் குறைந்தால், ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது ஈரத்தோடு கிடக்கிறார். யூரின் பேக்கில் 24 மணி நேரத்தில் 500 மில்லிக்குக் கீழே இருந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. புரட்டும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மூத்திரம் திரும்பி உள்ளே போகும், தொற்று வரும்.

இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் புது ஆள் வந்ததும் அமைதியாகத் தூங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன் மாத்திரைகளை எண்ணுங்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, இருமல் சிரப் எல்லாம் பூட்டில் இருக்கட்டும்; அன்றைய வேளைக்கு உரியதை மட்டும் டப்பாவில் வையுங்கள். ஆனால் உடனே ஆளைச் சந்தேகப்பட்டுச் சண்டை போடவும் வேண்டாம். திடீர் மயக்கத்துக்குச் சர்க்கரை குறைவு, சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று என்று வேறு காரணங்கள் உண்டு. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், பிறகு டாக்டர்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆள் மாறாமல் இருப்பதே தரத்தில் பாதி. மாதத்துக்கு மூன்று முகம் மாறும் ஏஜென்சி எவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், அவர் ஏற்கெனவே நம் வீட்டுக்கு வந்து பழகியவரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படுபவர் உண்மையில் நர்சிங் படிக்காத உதவியாளராக, அதாவது அட்டெண்டராக, இருக்கலாம். இன்சுலின் ஊசி, டியூப் பொருத்துதல், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுதல் போன்ற நர்ஸ் வேலைகள் தேவை என்றால், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆளுக்குப் படுக்க இடமும் சாப்பாட்டு நேரமும் கொடுக்காத வீடுகளில்தான் ஆள் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் பிசியோதெரபியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567.

தலைப்பக்கத்தை உயர்த்தாதது, பேக்கைத் தூக்கி வைத்தது போன்ற தவறுகள் இரண்டு முறை காட்டிக் கொடுத்தால் சரியாகும். கட்டிலோடு கட்டிப்போட்டது, விழுந்ததை மறைத்தது, கேட்காமல் மாத்திரை கொடுத்தது என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும். அன்று இரவு யார் உட்காருவது என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் இதைச் சகித்துக்கொள்கின்றன. அதனால் ஆள் வைக்கும் நாளிலேயே, கூப்பிட்டால் வருகிற இரண்டு உறவினர்களின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அவர்களையும் ஒரு முறை புரட்டிப் பழக வையுங்கள்.