மாஸ்டர்ஸ் சேரும் ஆங்கில ஆசிரியர்கள் கேட்க மறக்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் வாட்ஸ்ஆப்பில் ஒரே கேள்விதான் வரும்: "சார், எந்த யூனியில மாஸ்டர்ஸ் சீக்கிரம் முடியும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் ஆங்கிலம் போதிப்பவர்கள். முதுகலை மாணவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டுவது என் வேலை. 'சீக்கிரம்' என்று யாராவது சொன்னால் உடனே ஒரு கணக்கைக் காட்டுவேன்.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி, பாடநெறி வழியில் படிக்கும் முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி எல்லாம் இதில் அடக்கம். ஆக மொத்தம் 1,600 மணி. இரண்டு ஆண்டில் முடிக்க வாரம் 15 மணிக்கு மேல். ஒன்றரை ஆண்டென்றால் 20-ஐத் தாண்டும். காலையில் பள்ளி, மாலையில் புறப்பாடம், சனிக்கிழமை டியூஷன் என்று ஓடுகிறவர் இதை எங்கே நுழைப்பார்? 'வார இறுதியில் மட்டும் வகுப்பு' என்ற விளம்பரம் பொய்யில்லை. வகுப்பு மட்டும்தான் வார இறுதியில்.

அடுத்தது, எதைப் படிப்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மொழி, மொழியியல் புலத்தில் 'இரண்டாம் மொழியாக ஆங்கிலம்' ஒரு முதுகலை, மொழியியல் இன்னொன்று. கல்விப் புலம் தனி. பாடப்பட்டியலை வரிவரியாகப் படிக்காமல் பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இரண்டாம் செமஸ்டரில் என்னிடம் புலம்புகிறார்கள். தலைமையாசிரியர் பதவிதான் குறி என்றால் கல்வி நிர்வாகம் படியுங்கள், தப்பே இல்லை. வகுப்பில் நிற்கும் நம்பிக்கையே இன்னும் வரவில்லையா? முதலில் செல்டா (CELTA) போன்ற, ஆங்கிலம் போதிக்கப் பயிற்சி தரும் சான்றிதழ் படிப்பைப் பாருங்கள். சுமார் 120 மணி நேரம், அதில் 6 மணி, பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான மாணவர்களுக்குப் போதிக்க வேண்டும். முதுகலையில் பெரும்பாலும் அப்படி யாரும் உங்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை.

ஆய்வுத் தலைப்புதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. வருகிற முன்மொழிவுகளில் பாதி 'மாணவர்களின் ஊக்கம்', மீதி 'ஆசிரியர்களின் கண்ணோட்டம்'. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கையிலோ பொன்னான களம் இருக்கிறது. முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துக் கற்கும் பிள்ளைகள். அதில் இரண்டு ஒரே ரோமன் எழுத்தில். மலாயில் எழுத்துக்கூட்டிப் பழகிய பிள்ளை ஆங்கிலச் சொல்லையும் அப்படியே கூட்டுகிறது. நம் 'ப' இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து என்பதால், பெரியதற்கும் பன்றிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை மாற்றி எழுதும் பிள்ளைகளும் உண்டு. (இங்கே தமிழில் எழுதினால் எனக்கும் இரண்டும் 'பிக்' தான்.) எந்தப் பிழை மலாயிலிருந்து வருகிறது, எது தமிழிலிருந்து, எது எல்லாக் குழந்தைக்கும் வருவது? ஒரு வகுப்பின் பயிற்சிப் புத்தகங்களை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். இதைச் சொன்னால், "இது சின்ன விஷயம் சார்" என்கிறார்கள். சின்னதாக இருப்பதால்தான் முடிக்க முடியும்.

ஆனால் உங்கள் சொந்த வகுப்பே ஆனாலும், ஆய்வுக்குத் தரவு எடுக்கக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். அமைச்சின் ஆய்வு அனுமதி இணையத்தளமான இராஸில் (eRAS) விண்ணப்பிக்க வேண்டும். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. முன்மொழிவு ஏற்கப்பட்ட வாரமே விண்ணப்பியுங்கள். தாமதித்தால் ஆண்டிறுதிச் சோதனை வந்துவிடும், பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள்.

பணம் கட்டுமுன் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று மலேசியத் தகுதி முகமையின் (எம்கியூஏ) இணையத்தளத்தில் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், படிப்பின் பெயரே இருக்க வேண்டும். அங்கீகாரம் உள்ள உள்ளூர்க் கழகமென்றால் முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம், எந்தத் துறையானாலும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.