பிறந்தது முதல் மலச்சிக்கலா? முதுகெலும்பின் அடியையும் பாருங்கள்

மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயின் கையில் மலமிளக்கி மருந்துச் சீட்டுகள் ஒரு கற்றையாக இருந்தன. பிறந்த வாரத்திலிருந்தே குழந்தை முக்கி முக்கி அழுதுதான் மலம் கழித்திருக்கிறது; வாழைப்பழம் கொடுங்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதே அதுவரை கிடைத்த ஆலோசனை. பரிசோதித்தபோது ஆசனவாய் மிகக் குறுகியிருந்தது. எக்ஸ்-ரேயில், வால் எலும்புக்கு மேலே முக்கோணமாக இருக்க வேண்டிய திரிக எலும்பு ஒரு பக்கம் உருவாகாமல், அரிவாளைப் போல வளைந்து தெரிந்தது.

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு அந்த அரிவாள் வடிவம் ஓர் எச்சரிக்கை. திரிக எலும்பில் குறை, அதன் முன்புறம் ஒரு கட்டி, ஆசனவாயில் அல்லது மலக்குடலில் குறை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1981-இல் குய்டோ குர்ரரினோ விவரித்தார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. குடும்ப வழியில் வரும் பெரும்பாலானோருக்கு 7-ஆம் குரோமோசோமில் உள்ள எம்என்எக்ஸ்1 என்ற மரபணுவில் பழுது இருப்பது 1998-இல் தெரியவந்தது.

கருவின் உடல் தலைப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்பக்கம் நோக்கி நீள்கிறது. எந்த இடத்தில் எந்த உறுப்பு அமைய வேண்டும் என்பதை ஹாக்ஸ் முதலிய மரபணுக்கள் நிர்ணயிக்கின்றன. பழ ஈயின் பின்னுடலை வடிவமைக்கும் 'காடல்' மரபணுவின் உறவு மரபணுக்கள் நம் உடலிலும் இதே வேலையைச் செய்கின்றன. திரிக எலும்பு, தண்டுவடத்தின் கீழ்நுனி, மலக்குடல் மூன்றும் கருவின் வால்பக்கத்தில் அருகருகே, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே உருவாவதால், ஒரே மரபணுவின் பழுது மூன்றையும் தாக்குகிறது. கிரகணத்தன்று வெளியே போனதும், கர்ப்பிணி சாப்பிட்ட பப்பாளியும் இதற்குக் காரணமே அல்ல என்று அந்தத் தாயிடம் இரண்டு முறை சொன்னேன், ஏனென்றால் வீட்டில் பழி அவர்மீது விழுந்திருந்தது.

அந்தக் கட்டியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு அது தண்டுவட உறை முன்புறமாகப் பிதுங்கி, மூளைத் தண்டுவட நீர் நிறைந்த பையாக இருக்கும். சீழ்க்கட்டி என்று எண்ணி மலக்குடல் வழியே அதைக் கீறினால் மூளைக்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. பழுது இருந்தும் தொந்தரவே இல்லாதவர்களும் பலர். விளக்கி முடித்ததும் அந்தத் தாய் தயங்கியபடி, "எனக்கும் சின்ன வயசுலேருந்து இப்படித்தான் டாக்டர்" என்றார். அன்று மாலையே எடுத்த அவருடைய எக்ஸ்-ரேயிலும் அதே அரிவாள் இருந்தது.