சூப்பாப்: தமிழில் அடைப்பிதழ்

மொரிசியஸில் கார் பழுது பார்ப்பவர்களிடம் வால்வு என்ற சொல்லை அதிகம் கேட்க முடியாது. சூப்பாப் என்பார்கள். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனாலும் பேச்சில் பிரெஞ்சும் கிரியோலும் நிலைத்துவிட்டன. இஞ்சின் சொற்கள் நமக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

பழைய பிரெஞ்சில் சூப்பாப் என்றால் மோவாய்க்கு அடியில் விடும் குத்து. குத்து விழுந்ததும் திறந்த வாய் டப்பென்று மூடிக்கொள்ளும் அல்லவா? அப்படி மூடுகிற பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வால்வு லத்தீன் வழி வந்தது; அங்கே அது மடிப்புக் கதவின் ஒரு பலகை.

தமிழில் ஓரதர், தடுக்கிதழ், அடைப்பிதழ் மூன்றும் புழக்கத்தில் உண்டு. அதர் என்றால் வழி, சங்கச் சொல். ஓரதர் என்பது ஒருவழி. இதயத்துக்கு அது அழகாகப் பொருந்தும்: ரத்தமே தள்ளித் திறக்கும், திரும்பி வந்தால் மூடிவிடும். இஞ்சினில் கேம் என்ற சுழலும் மேடு அழுத்தித் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. இங்கே முக்கியம் இறுக மூடுவது. அதனால் என் ஓட்டு அடைப்பிதழுக்கு. இதழ் உதடும் ஆகும்; பிரெஞ்சுச் சொல்லில் இருக்கும் வாய் தமிழிலும் கிடைத்துவிடுகிறது.

அந்த உதடு ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை ரோஸ் ஹில்லில் மாமாவின் கராஜில் பார்த்தேன். இதழ் மூடியிருக்கும்போது அதன் தண்டு நுனிக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் நடுவே சின்ன இடைவெளி விட வேண்டும். அது கூடினால் மேலிருந்து டிக் டிக் என்று கேட்கும், பிடித்துவிடலாம். இந்த வண்டியில் சத்தமே இல்லை, இழுவைதான் இல்லை. இரண்டாம் சிலிண்டரில் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் உள்ளே உண்டாக்கும் அழுத்தம், குறைவு. பிளக் துளை வழியாக மாமா கொஞ்சம் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ஆயில் பிஸ்டன் ரிங் இடுக்கை அடைத்து அழுத்தம் ஏறியிருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், ஏறவில்லை. அப்போ சூப்பாப்தான் என்றார்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். புகை போகும் பக்கத்து இதழின் விளிம்பில் நகம் அளவுக்குக் கருகிய பள்ளம். அது உட்காரும் இருக்கை தேய்ந்து, இதழ் மெல்ல மேலேறி, தண்டு நுனியில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமலே போயிருந்தது. அதனால் இதழ் முழுதாக மூடவில்லை. முழுதாக மூடாத இதழ் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் எரிந்துவிடும்.

புது இதழை உராய்வுப் பேஸ்ட் தடவி இருக்கையோடு சேர்த்துத் தேய்த்தோம், சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் வளையம் தெரியும் வரை. அப்புறம் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்தோம். வேலை நோட்டில் நான் தமிழில் எழுதினேன்: “2ஆம் சிலிண்டர், அடைப்பிதழ் புதிது, இடைவெளி 0.20 மி.மீ.”