பருந்து வட்டமிடும் இடத்தில் விமானம்

காலபோக வெட்டு முடிந்த பங்குனி மாதத்தில், காலை பத்து மணிபோல வன்னியின் இரணைமடுக் குளக்கட்டில் நின்று மேலே பாருங்கள். செம்பருந்துகள் சிறகை ஒருதரமும் அடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். அரிதாள் காய்ந்த வயலும் செம்மண் வீதியும் வெயிலில் வேகமாகச் சூடேறுகின்றன. பக்கத்தில் கிடக்கும் குளத்து நீர் மெதுவாகத்தான் சூடேறும். சூடான நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து, இலேசாகி, கிடாரத்தில் கொதிக்கும் தண்ணீர்போல மேலெழும்புகிறது. அந்தக் காற்றுத் தூணுக்குள்ளேயே பருந்து சுற்றுவதால் அதற்குச் சிறகடிக்கத் தேவையில்லை.

அதே தூணுக்குள் புகும் சிறிய விமானமும் தூக்கிக் குலுக்கப்படும். இயந்திரம் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டுபவர்கள் பருந்து சுற்றும் இடத்தைத் தேடிப் போய் உயரம் பிடிப்பார்கள். இயந்திர விமானத்தில் வருபவருக்கோ அந்த வட்டம் விலகிப் போகச் சொல்லும் அடையாளம்.

பறவைதானே விலத்திப் போகும் என்று நினைக்கிறோம். அது ஏன் எப்போதும் நடப்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி. குளத்து நீரோரமான அலைகரையில் முட்டையிட்டிருக்கும் ஆட்காட்டியை நோக்கி நடந்து பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு வந்ததும் கத்திக்கொண்டு எழும்பும். பல பறவைகள் ஆபத்தை அளப்பது இப்படித் தூரத்தை வைத்துத்தான். நரியோ நாயோ மனிதனோ வரும் வேகத்துக்கு அந்தக் கணக்குப் போதும். அமெரிக்காவில் ஒரு பறவையினத்துக்கு, வாகனம் நேரே பாய்ந்து வரும் வீடியோக்களைக் காட்டிச் சோதித்தார்கள். வாகனம் மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் அவை எழும்பின. மணிக்கு 120 கிலோமீற்றரைத் தாண்டியபோது தப்ப நேரம் போதவில்லை. செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் பறப்பதோ மணிக்குச் சுமார் 220 கிலோமீற்றரில். அப்படியொரு வேகத்தில் தன்னை நோக்கி வரும் இவ்வளவு பெரிய எதையும் பறவையினம் தன் நீண்ட வரலாற்றில் கண்டதில்லை.

ஆகவே விலத்த வேண்டியவர் விமானி. அவருக்கும் நேரம் குறைவு. 220 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 60 மீற்றர். 300 மீற்றருக்கு அப்பால் ஒரு நாரையைக் கண்டால், கையிலிருப்பது ஐந்து செக்கன். இன்னொரு சிக்கலும் உண்டு. நேரே மோத வரும் பறவை விமானத்தின் முன்கண்ணாடியில் அசையாது. பக்கமாகக் கடந்துபோகும் பறவை கண்ணாடியில் நகர்ந்துகொண்டிருக்கும். அசைவைக் கண் உடனே பிடித்துவிடும். மோதப்போவது மட்டும் ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நின்று, கடைசி ஓரிரு செக்கனில் திடீரென்று பெரிதாகும். அசையாத புள்ளிக்குத்தான் அஞ்ச வேண்டும் என்று பழகுபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

மோதினால் என்ன ஆகும்? ஒரு கிலோ எடையுள்ள பறவை 60 மீற்றர் வேகத்தில் பட்டு, தன் உடல் நீளமான 30 சென்ரிமீற்றருக்குள் நசுங்கி நின்றுபோனால், அந்த மோதல் 5 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். அப்போது சராசரி விசை 12,000 நியூட்டன். ஒரு சிறிய காரைத் தூக்கி வைத்த பாரம் அது. சிறிய விமானங்களின் முன்கண்ணாடி அக்ரிலிக் என்ற பிளாஸ்ரிக்கால் ஆனது. பெரிய பயணிகள் விமானக் கண்ணாடிபோல பல அடுக்குகள் கொண்டதல்ல. நம் குளங்களுக்கு வரும் கூழைக்கடாவோ நாலு, ஐந்து கிலோ இருக்கும்.

விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகத்தைக் குறைப்பது பெரிய உதவி. 60 மீற்றரை 45 ஆக்கினாலே அடி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பறவைக்கும் விலக நேரம் கிடைக்கும். விலத்துவதாக இருந்தால் பொதுவாக மேல்நோக்கித்தான். மிரண்ட பறவைகளில் பெரும்பாலானவை சிறகை மடக்கிக் கீழே பாய்வதே காரணம். ஆனால் விமானத்தின் மூக்கை வெடுக்கென்று தூக்கக்கூடாது. அதன் சிறகின் மேல் ஒழுங்காக ஓடும் காற்று பிரிந்துவிட்டால் தூக்குவிசை போய்விடும். தரைக்குக் கிட்ட அப்படி நடந்தால் அது பறவை மோதுவதைவிட மோசம்.

இந்த ஆபத்து விமானத்தோடு கூடப் பிறந்தது. 1905 இல் ஓர்வில் ரைட் ஒரு சோளத் தோட்டத்துக்கு மேலே பறக்கையில் பறவையொன்றை மோதினார். 1912 இல் கலிபோர்னியாக் கரையில் கால்பிரெய்த் ரொட்ஜர்ஸின் விமானத்தில் கடற்காகம் ஒன்று சிக்கி, அவர் விழுந்து இறந்தார்.

வன்னியில் இதற்கு இடமும் காலமும் உண்டு. ஐப்பசி தொடங்கி வலசைப் பறவைகள் வரும். வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் வாத்துக்கூட்டமும் பூநாரையும் நிறையும். வெட்டு நாட்களில் மெஷினின் பின்னால் கொக்குகள் திரியும். வெயில் ஏறியபின் பருந்து. இரணைமடு ஓடுபாதை குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓடுபாதை ஓரத்துக் கட்டைப் புல்லும் சரளையும் ஆட்காட்டிக்கு அலைகரை மாதிரித்தான்.

எல்லாவற்றிலும் நான் பயப்படுவது பொழுதுபடும் நேரத்துக்கு. கொக்கும் நீர்க்காகமும் வரிசை வரிசையாகக் குளத்து மரங்களுக்குத் திரும்பும். சூரியன் மேற்கே தாழ்ந்து, அந்தப் பக்கம் திரும்பும் விமானியின் கண்ணைக் கூசவைக்கும். பறவைகள் கொஞ்சம் முன்பே காணட்டும் என்று இறங்கு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பாதைக்குக் குறுக்கே ஒரு வரிசை தெரிந்தால், இறங்குவதை விட்டு மீண்டும் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அவை கடந்து போகும்வரை காத்திருப்பார்கள்.