'கண' என்றால் கண் அல்ல

பரிந்துரைச் சீட்டில் மூன்று வரிகள் எழுதியிருந்தன. "பேசுவதில்லை. சொன்னால் புரிந்துகொள்வதில்லை. கண்ணிலும் பிரச்சினை இருக்கலாம்." வயது ஏழு, இரண்டாம் வகுப்பு. தாய்மொழி என்ற இடத்தில் 'இந்தி' என்று நிரப்பியிருந்தார்கள்.

திருப்பூரில் குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அவ்வப்போது அரசுப் பள்ளிகளுக்கும் போய், ஆசிரியர்கள் சந்தேகப்பட்டு அனுப்பும் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். அப்படி ஒரு நாளில்தான் இந்தப் பையன் வந்தான். பனியன் கம்பெனியில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் கூட வந்திருந்தார். வகுப்பு ஆசிரியை சொன்னார்: "வாயே திறக்க மாட்டான் மேடம். திறந்தால் எதைக் கேட்டாலும் 'கண, கண' என்கிறான். கண் வலிக்கிறதோ என்று பரிசோதனைக்குக்கூட அனுப்பிவைத்தோம். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்."

வீட்டில் என்ன மொழி என்று அப்பாவிடம் கேட்டேன். ஒடியா. ஒடியாவில் 'கண' என்றால் 'என்ன'. ஏழு மாதமாக அந்தப் பையன் வகுப்பில் உட்கார்ந்து 'என்ன? என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது ஒரு கண் பரிசோதனை.

ஆசிரியையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அக்கறையுள்ளவர். அக்கறை இல்லாதவர்கள் சீட்டே எழுதுவதில்லை. பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே எட்டாம் வகுப்பு வரை போய்விடுவான்.

ஊரில் இருக்கும் பாட்டியை போனில் கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். ஸ்பீக்கரில் பாட்டியின் குரல் வந்ததும் பையன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். ஏழெட்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினான். எனக்குத் தெரிந்த ஒடியா பத்துப் பதினைந்து சொற்கள்தான். ஆனால் மொழி தெரியாமலே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய உண்டு. வாக்கியங்கள் நீளமாக வந்தன. இடையில் குரலை மாற்றி வேறு யாரோ பேசியதைப் பேசிக் காட்டினான். பாட்டி கேட்டதற்கு நின்று பதில் சொன்னான். முக்கியமாக, பாட்டி ஒருமுறைகூட அவனைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்தபோது குடத்துக்காக நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

குழந்தைக்கு உண்மையிலேயே மொழிக் குறைபாடு இருந்தால் அது அவன் பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். தமிழில் மட்டும் திணறி, வீட்டு மொழியில் சண்டையையே நடித்துக் காட்டுகிறான் என்றால் அதற்குப் பெயர் குறைபாடு இல்லை. தமிழ் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். புது மொழிக்குள் வந்து விழும் குழந்தைகளில் பலர் முதலில் சில வாரங்களோ சில மாதங்களோ வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மௌனத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குள் அவசரப்பட்டுத் தமிழில் ஒரு அறிவுத்திறன் சோதனையை வைத்து, வந்த மதிப்பெண்ணைக் கோப்பில் ஏற்றிவிட்டால், பிறகு அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் ஒன்று. தேவைப்படும் குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் பெரிய உதவி. தேவையில்லாத குழந்தைக்கு அதுவே சுமை.

அன்று நானும் ஒரு பாடம் படித்தேன். அப்பா பக்கத்தில் இருந்தால் மகனுக்குப் பதில் அவரே சொல்லிவிடுவார் என்று, ஐந்தாம் வகுப்பில் படித்த இன்னொரு ஒடியாப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்தேன். நாய் ஒன்று ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் படக்கதை; நான்கு படம். பையன் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். அழகான கதை, ஆரம்பம் முடிவு எல்லாம் சரி. அப்பா மெதுவாக, "அவன் இவ்வளவு சொல்லவில்லை மேடம், பாதி அவளே சேர்த்துக்கொண்டாள்" என்றார். பெரிய பிள்ளைகள் பாசத்தில் திருத்திவிடுவார்கள். பெற்றோரும் அப்படித்தான். அன்றிலிருந்து, மொழிபெயர்க்க யார் உட்கார்ந்தாலும் முதலில் நான் சொல்வது: அவன் சொன்னதை அப்படியே சொல், தப்பென்றால் தப்பாகவே சொல்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் கொடியது. பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெண் குழந்தை. "இந்திக்காரப் பிள்ளை, தமிழ் வந்தால் சரியாகிவிடும்" என்று இரண்டு வருடம் விட்டுவிட்டார்கள். என்னிடம் வந்தபோது அம்மாவிடம் வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டேன். தம்பி இவளுக்கு முன்பே வாக்கியமாகப் பேச ஆரம்பித்துவிட்டான் என்றார். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாளாம், முகத்தைப் பார்த்துச் சொன்னால் செய்வாளாம். காது பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் மிதமான கேட்புக் குறைவு. முதல் வகுப்பிலேயே யாராவது 'வீட்டில் எப்படி' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காது கருவி இரண்டு வருடம் முன்பே வந்திருக்கும். ஒரே கேள்வியைக் கேட்காததால் ஒரு பிள்ளைக்கு இல்லாத குறை ஒட்டப்பட்டது. இன்னொரு பிள்ளைக்கு இருந்த குறை மறைந்துபோனது.

அந்த அம்மா கருவி பொருத்திய பிறகு என்னிடம் கேட்டார்: இனி இவளிடம் இந்தியில் பேசுவதா, தமிழில் பேசுவதா? வீட்டில் அவர்கள் பேசுவது இரண்டுமில்லை, போஜ்புரி. அதைச் சொன்னதும் கூச்சப்பட்டார். "அது மொழியில்லை மேடம், ஊர்ப் பேச்சு." 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்னார்கள்; கணக்கில் அது இந்தியின் கீழ் ஒரு வரியாகப் போய்விட்டது. நம் பள்ளிப் பதிவேட்டில் வடக்கிலிருந்து வந்த எல்லாரும் 'இந்தி' ஆவதும் அந்த வழக்கம்தான். அவரிடம் சொன்னேன்: உங்களுக்குத் திட்டவும் கொஞ்சவும் எந்த மொழி தானாக வருகிறதோ அதில் பேசுங்கள்.

இந்த விஷயம் வெளியூர்க் குடும்பங்களோடு நின்றுவிடுவதில்லை. என்னிடம் வரும் தமிழ்ப் பெற்றோரில் பலர் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லிப் பள்ளியில் சொன்னார்கள்." சொல்கிறவர்களுக்கு எளிது. அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம், ஈட், சிட், டோன்ட் டச்' என்று பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிடுகிறது. ஆங்கிலம் தெரியாத ஆத்தா பேரனிடம் பேசவே பயப்படுகிறார். மூன்று வயதுக் குழந்தைக்குச் சோற்றை ஊட்டிக்கொண்டே சொல்லும் ஆயிரம் சொற்கள், ஏன் மழை வருகிறது, மாமா எப்போது வருவார், பூனை எங்கே போனது, எல்லாம் நின்றுபோகின்றன. பிறகு 'பேச்சு தாமதம்' என்று என்னிடம் வருகிறார்கள். நான் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து: வீட்டில் தமிழ் பேசுங்கள், தெலுங்கு வீடென்றால் தெலுங்கு, கன்னட வீடென்றால் கன்னடம். காசு கொடுத்து வந்து இதைக் கேட்கிறோமே என்று சிலர் முகம் சுளிப்பது தெரியும்.

இரண்டு மொழி குழந்தையைக் குழப்பிவிடும் என்ற நம்பிக்கை பழையது. 1962இலேயே கனடாவின் மான்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த பத்து வயதுக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழப்பம் எதுவும் தென்படவில்லை, பல சோதனைகளில் இருமொழிக் குழந்தைகளே மேலாகச் செய்திருந்தார்கள். கொங்கு நாட்டுக்கு இதைச் சொல்ல மான்ட்ரியல் தேவையில்லை. இங்கே வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! நான் முதலில் சொன்ன அந்த ஆசிரியையே தெலுங்கு வீட்டுக்காரர். ஒன்றாம் வகுப்பில் 'நீள்ளு' கேட்டு வகுப்பே சிரித்ததையும், அன்றைக்கு முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டம் இதற்கு எதிராக இல்லை. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழி வழியே கற்பிக்கச் சொல்கிறது. அதற்காகத் தெருவுக்குத் தெரு ஒடியாப் பள்ளி திறக்க முடியாது. அந்தப் பெற்றோரும் அதைக் கேட்கவில்லை. பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். தமிழுக்கு வருகிற வழியில் ஒடியாவைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அந்த ஆசிரியை செய்தது சின்ன வேலைதான். பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று பிரித்து உட்காரவைத்திருந்த இரண்டு ஒடியாப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பையன் அரும்பு என்ற முதல் நிலையில் இருந்தான், கணக்கிலும். ஒரு நாள் ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒடியாவில் கேட்க, கையை மடக்காமல் பதினெட்டு என்றான். கழித்தல் தெரிந்திருந்தது, 'கழித்தல்' என்ற சொல்தான் தெரியவில்லை.

எழுத்துப் பிழைகளைப் பார்க்கும்போதும் வீட்டு மொழி கண்ணில் இருக்க வேண்டும். பையன் 'குடை', 'கூடை' இரண்டையும் ஒன்றாகவே எழுதினான். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒடியாப் பேச்சில் நம்மைப் போல் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அவன் காதுக்கு இரண்டும் ஒரே ஒலி. இந்தி பேசும் பிள்ளைக்கு வேறு இடத்தில் சிக்கும். அவர்களுக்கு எகரக் குறிலும் ஒகரக் குறிலும் இல்லாததால் 'கொடு' 'கோடு' ஆகிவிடும். பத்து முறை இம்போசிஷன் எழுதினால் இது போகாது. இரண்டு படத்தை வைத்துக் காதுக்குப் பழக்க வேண்டும். அதே பையன் 'பள்ளி' என்பதை அட்சரச் சுத்தமாகச் சொன்னான், ஒடியாவில் ளகரம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளை 'பல்லி' என்றுதான் சொன்னது. அதற்கு யாரும் என்னிடம் சீட்டு அனுப்பவில்லை.

ஒரு வருடம் கழித்து வேறு புகார் வந்தது. "மைதானத்தில் தமிழ் கொட்டுகிறது மேடம், பாடத்தில் மட்டும் சோம்பேறித்தனம்." விளையாட்டு மொழி வேறு, பாட மொழி வேறு. டொரோன்டோவில் பணியாற்றிய மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பிரித்துக் காட்டினார். புது மொழியில் சரளமாகப் பேச இரண்டு வருடம் போதும். அதே மொழியில் பாடம் படித்துச் சக மாணவர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். 'பந்தைப் போடுடா' என்று கத்துகிறவனுக்கு 'ஆவியாதல்' புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கேதான் உதவி வேண்டும், உதவி நிற்பதும் அங்கேதான்.

இப்போதெல்லாம் என் படிவத்தில் 'தாய்மொழி' என்ற ஒற்றைக் கட்டம் கிடையாது. அம்மா எந்த மொழியில் பேசுகிறார், அப்பா எதில், அண்ணன் தங்கையோடு எதில், ஊருக்கு போன் போட்டால் எதில் என்று நான்கு கேட்கிறேன். முதல் வார்த்தை எப்போது வந்தது என்பது அதற்கு அடுத்துத்தான்.

சென்ற முறை அதே பள்ளிக்குப் போயிருந்தேன். பையன் நான்காம் வகுப்பில் இருக்கிறான். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த சின்னப் பெண் ஒருத்தியைக் காட்டினார்கள்; மொழிபெயர்க்க அவனைத்தான் கூட்டிவந்தார்கள். நாய், ரொட்டி, அதே நான்கு படம். அவள் இரண்டு சொல் சொன்னாள். இவன் தமிழில் இரண்டு முழு வாக்கியம் சொன்னான். அவள் சொன்னதை அப்படியே சொல்லடா என்றேன்.

"அவள் தப்பாகச் சொன்னாள் மிஸ். அதனால் நான் சரியாகச் சொன்னேன்."